நாலு பெட்டிக்கு நடுவே ஒரு நாற்காலி

என் தம்பி சுந்தர்ராஜ் குவைத்திலிருந்து விடுப்பில் வந்தபோது, எல்லாரும் கொண்டுவருகிற சேலையும் செண்டும் போக, நாலு ஸ்பீக்கர் பெட்டிகளையும், அவற்றுக்கான ரிகார்டு பிளேயரையும், ஒரு ரிகார்டையும் கொண்டுவந்தான். அது எழுபத்தெட்டாம் வருஷம், ஏலக்காய் சீசன் சூடு பிடித்திருந்த சமயம். போடியில் ரிகார்டு பிளேயர் வைத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ஆனால் ஒரு பாட்டைக் கேட்க நாலு பெட்டி எதற்கு என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

பெட்டிகள் வந்திறங்கிய வாரத்தில் எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கிற நிலைமை இல்லை. என் வீட்டுக்காரர் அய்யாத்துரை, பலவேசம் முதலாளியின் ஏலக்கடையில் ஏலக்காய்க்கு ஏலம் கூறுகிறவர். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர் வேலை. சாம்பிள் பொட்டலம் வியாபாரிகள் கையில் சுற்றி வரும். அவரவர் விலையைக் குரல் கொடுப்பார்கள். இவர் ஒவ்வொரு விலையையும் திருப்பிச் சொல்லி ஏற்றிக்கொண்டே போய், அதற்கு மேல் குரல் வராதபோது கட்டையால் மேசையைத் தட்டி ஒரு பெயரைச் சொல்வார். சொன்ன பெயருக்குச் சரக்கு. அதற்கு அப்பீல் கிடையாது.

அந்தப் பெயர்தான் இப்போது மாறிப்போய்க்கொண்டிருந்தது. கர்ணன் என்கிற வியாபாரி கேட்ட ஒரு லாட்டுச் சரக்கை இவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த காமராஜ் பெயருக்குத் தட்டிவிட்டார். காமராஜ் எழுந்து, "நான் வாயே தெறக்கலையே, எச்சி முழுங்குனதுக்கா தட்டுனீரு?" என்று கேட்க, கடையே சிரித்திருக்கிறது. அடுத்த ஏலத்திலும் அப்படியே ஆனது. இந்த முறை குமுளியிலிருந்து வந்த ஒரு புது ஆளின் குரல். பலவேசம் முதலாளி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யாத்துரை, இன்னொருக்கா ஆளு மாறுச்சுன்னா, கட்டைய வேற ஆளு கையில குடுக்க வேண்டியதுதான், கோவிச்சுக்கிடாதீரும்" என்று சொல்லிவிட்டார்.

"கர்ணனும் காமராஜும் பேசி வச்சுக்கிட்டு என்னைக் குழப்பி விடுறானுக" என்று இவர் வீட்டுக்கு வந்து சொன்னார். நான் நம்பினேன். கூறுகிற வேலை போய்விட்டால் இவருக்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் பஜாரில் நடந்து போகும்போது இவருக்குக் கிடைக்கிற மரியாதை அந்தக் கட்டையில்தான் இருந்தது. அது போனால் இவர் எப்படி இருப்பார் என்று எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் சுந்தர்ராஜ், "மச்சான், இதுல ரயிலு வீட்டுக்குள்ள சுத்தி வரும், பாக்குறீகளா?" என்று பெட்டியைப் பிரித்தான்.

"ரயிலா?"

"சத்தம் மட்டும். நீங்க உக்காந்த எடத்துல உக்காந்துருக்கணும். முன்னாடி எடப்பக்கம் கெளம்பி, வலப்பக்கம் வந்து, அப்படியே முதுகுக்குப் பின்னாடி போயி, சுத்தி வந்து நிக்கும். குவைத்துல கடைக்காரன் போட்டுக் காட்டுனான். நான் எந்திரிச்சு வழிவிட்டேன்."

இவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அதற்காகவே அந்த ரயில் ஓடட்டும் என்று நினைத்தேன்.

பெட்டிகளைப் பொருத்த நல்லகண்ணு வந்தார். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். எங்கள் முன்கூடத்தை இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாலு பெட்டியையும் பரணுக்குப் பக்கத்தில் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினார். இரண்டை ஜன்னலைப் பார்த்துச் சாய்த்தார்.

"என்னண்ணே, தெருவப் பாத்து வைக்கிறீக?" என்றான் சுந்தர்ராஜ்.

"பின்ன எங்கன வைக்க? நாலு பெட்டி வாங்கிப்புட்டு நம்ம வீட்டுக்கு மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும்?"

பெட்டியோடு வந்த காகிதத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு அறை, நாலு மூலையில் நாலு பெட்டி, எல்லாம் உட்கார்ந்திருப்பவர் காதளவு உயரத்தில், உள்ளே பார்த்தபடி. நட்டநடுவில் ஒரு நாற்காலி, அதில் ஒருவன். சுந்தர்ராஜ் அதை நல்லகண்ணுவிடம் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருசத்துல குழாய உள்ள பாத்து நான் கட்டுனதே கெடையாது. சத்தம் வெளிய போகத்தானப்பா குழாயி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் சத்தம் என்பது ஊருக்குத்தான். அதற்கு நடுவில் ஒரு ஆளை உட்காரவைத்து அவனுக்கு மட்டும் கொடுப்பது என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

சரி என்று ரிகார்டைப் போட்டார்கள். கூடம் முழுக்க ஒரே இரைச்சல். ரயில் என்றே தெரியவில்லை. மாவு மில்லுக்குள் நிற்பது போல இருந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினி வாசலுக்கு ஓடிவந்து, "என்ன தம்பி, மச்சில எதுவும் சரிஞ்சுருச்சா?" என்று கேட்டார்கள்.

அன்று மாலையே பெட்டிகளைக் கீழே இறக்கினோம். காதளவுக்கு வரவேண்டும் என்பதால் இரண்டை ஸ்டூலிலும், ஒன்றைத் தையல் மெஷின் மேலும், ஒன்றைத் தகரப் பெட்டி மேலும் வைத்தோம். இப்போது ரயில் என்று தெரிந்தது. ஆனால் சிமெண்டுத் தரையிலும் வெறும் சுவரிலும் பட்டுச் சத்தம் எதிரொலித்து, எது எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை. பாட்டுக் கச்சேரிக்கு ஆகாத கூடம் என்று நல்லகண்ணு சொல்லிவிட்டார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்யாணமாகாத என் நாத்தனாருக்கென்று இலவம்பஞ்சு மெத்தைகள் அடித்து மச்சில் அடுக்கி வைத்திருந்தோம். அவற்றைக் கொண்டுவந்து சுவர் ஓரமாகச் சாய்த்து நிறுத்தினேன். கூடத்துக்குள் ஒருவர் பேசினால்கூடக் குரல் பக்கத்தில் வந்துவிட்டது. இருமினால் இருமல் இருமின இடத்திலேயே நின்றது.

மிச்சம் நாற்காலிதான். அதுதான் கடினமாக இருந்தது.

எங்கள் வீடுகளில் நாற்காலிகள் சுவரோரம்தான் இருக்கும். வருகிறவர் முதுகு சுவரில் இருக்கவேண்டும், நடுக்கூடம் நடப்பதற்கு. நடுக்கூடத்தில் ஒருவரை இருத்துவது இரண்டு சமயத்தில்தான்: வீட்டுக்கு வந்து முடி வெட்டுகிறவர் துண்டைப் போர்த்தும்போது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வேண்டாம். பாண்டியம்மாள் மதினி நாற்காலியைப் பார்த்ததும் அதைத்தான் சொன்னார்கள்.

"என்ன சாராளு, நடு வீட்டுல போட்டு வச்சுருக்க? உசுரோட இருக்கிற மனுசன அங்கன உக்காத்துவாகளா?"

"சாவுமில்ல, கத்திரியுமில்ல மதினி, வெறும் ரயிலுதான்" என்றான் சுந்தர்ராஜ். முதலில் அவனே உட்கார்ந்தான். ரிகார்டு சுற்றியது. அவன் முகம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்பியது, பிறகு தோளுக்கு மேல் பின்னால் போனது. "அதே, அதே" என்றான்.

அடுத்து நான். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தையல் மெஷின் பக்கம் எங்கோ தொலைவில் ஒரு விசில். பிறகு புகைவிடுகிற சத்தம் எனக்கு முன்னால் குறுக்கே கடந்தது. தகரப் பெட்டி இருந்த மூலையில் திரும்பியது. முதுகுக்குப் பின்னால் சக்கரங்கள் தண்டவாளத்தின் இணைப்புகளில் விழுந்து விழுந்து போயின.  திரும்பிப் பார்த்தேன், சாய்த்து வைத்த மெத்தை இருந்தது.

மதினியும் கடைசியில் உட்கார்ந்தார்கள். ரயில் பின்னால் போகும்போது இரண்டு காலையும் நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார்கள். நல்லகண்ணு சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், வாங்க" என்றான் தம்பி.

இவர் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரயில் ஓடி முடிந்தது.

"என்ன மச்சான்?"

"வருது. போகுது. வருது."

"சுத்துதா?"

"சுத்தலையே. இந்தப் பக்கமாத்தான் வருது, அப்பறம் தூரமாப் போகுது, திரும்ப இந்தப் பக்கமே வருது." வலது கையைக் காட்டினார். "எடப்பக்கத்துப் பெட்டி ரெண்டும் சரியில்ல மாப்ள."

நல்லகண்ணு இடப்பக்கத்துப் பெட்டிகளைக் காது வைத்துக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் இவர் சொல்லுக்காக வயர்களை மாற்றினார். பெட்டிகளையே இடம் மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம், ரயில் சுற்றியது. இவர் உட்கார்ந்தால் வலப்பக்கமே நின்றது. மறுநாளும் அப்படித்தான். தகரப் பெட்டியை உயர்த்தினோம், ஸ்டூலைத் தாழ்த்தினோம், மெத்தையை எடுத்தோம், திரும்ப வைத்தோம். இவருக்கு எரிச்சல் ஏறியது.

"குவைத்துக்காரன் பழுதுச் சாமானத் தலையில கட்டிட்டான். அத மறைக்கத்தான் எல்லாரும் தலையத் தலையத் திருப்புறீக."

"நான் எதுக்குங்க நடிக்கிறேன்?" என்று நான் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கர்ணனும் காமராஜும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று சொன்ன அதே முகம்தான் இருந்தது. இப்போது அந்தக் கூட்டில் என்னையும் சேர்த்துவிட்டார்.

அதுதான் என்னை யோசிக்க வைத்தது. பேசி வைத்து ஏமாற்றுகிறவள் நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் கர்ணனும் காமராஜும்கூட ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை.

எதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. பெட்டிகளை எத்தனையோ தடவை மாற்றிவிட்டோம், மாற்றாதது நாற்காலியைத்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது, பெட்டிகளைத் தொடாமல் நாற்காலியை மட்டும் அடுப்படியைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன்.

"இதுல உக்காந்து சொல்லுங்க. கடைசித் தடவை."

பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். ரிகார்டு ஓடியது.

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கந்தான்." அதே வலது கை. ஆனால் நாற்காலி திரும்பியிருந்ததால் அந்தக் கை இப்போது நேற்று அவர் குறை சொன்ன பெட்டிகளைக் காட்டியது.

"விசில் எப்படிக் கேட்டுச்சு? நேத்து?"

"நேத்துத் தூரமாக் கேட்டுச்சு." தலையைச் சாய்த்து, "இன்னைக்குக் கிட்டக்கக் கேக்குது" என்றார். அவருக்கே அது விசித்திரமாகப் பட்டது. "ஏன் சாராளு, நீ எதுவும் மாத்துனியா?"

"நாற்காலிய மட்டும்."

அப்போதுதான் எனக்குச் சின்னச் சின்னதாகப் பல நினைவுக்கு வந்தன. வேதக்கோவிலில் இவர் எப்போதும் பெஞ்சின் இடக்கோடியில்தான் உட்காருவார். மற்றவர் எல்லாரும் இவருக்கு வலப்பக்கம் வரும்படி. தெருவில் நடக்கும்போது நான் இடப்பக்கம் வந்தால் பேசாமலே என்னை மறுபக்கத்துக்கு மாற்றிவிடுவார். மரியாதைக்கு அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கினால் வீட்டுக்குள் திருடன் வந்தாலும் எழமாட்டார். நல்ல தூக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஊசியை எடுத்து ரிகார்டின் தொடக்கத்தில் வைத்தேன்.

"விரலால வலது காத அடைச்சுக்கிட்டுக் கேளுங்க."

அடைத்தார். ரயில் கிளம்பியது. எனக்கு முன்னால் குறுக்கே கடந்து, மூலையில் திரும்பி, மெத்தைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு."

நான் ஊசியைத் தொடவில்லை.

"ஏன் சும்மா நிக்கிற? போடுங்கிறேன்."

நான் ரிகார்டைக் காட்டினேன். அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் காதிலிருந்து விரலை எடுத்தார். வைத்தார். எடுத்தார். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது போல வெகுநேரம் அப்படியே செய்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. ஏலத்துக்கு வந்த ஒரு புது ரகக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பாரே, அந்த முகம்.

"எப்ப இருந்து?" என்றார், என்னைக் கேட்பது போல.

"எனக்கென்ன தெரியும்? சின்னதுல காதுல எதுவும் அடியா?"

"அடியில்ல. பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, எடப்பக்கம். கழுத்துல எதையோ அரச்சுப் போட்டு விட்டாக. பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகல." நினைத்துப் பார்த்தார். "அப்ப இருந்து இது சும்மாதான் இருக்கு போல. இத்தனை வருசம் ஒத்தக் காத வச்சா நான் கூறுனேன்?"

"இந்த வருசம் கடை மாறுறதுக்கு முன்னாடி, பழைய கடையில ஒரு தடவையாச்சும் ஆளு மாறிச்சா?"

"இல்ல."

அதற்கான காரணத்தையும் அவரே சொல்லச் சொல்லக் கண்டுபிடித்தோம். பழைய ஏலக்கடை பஜாருக்குப் பின்னால் ஒரு நீளமான குடோன். வியாபாரிகள் எல்லாரும் இவருக்கு நேர் எதிரே இருந்தார்கள். எல்லாரும் பழகிய குரல்கள். குரலே ஆளைச் சொல்லிவிடும், திசை வேண்டியதில்லை. இந்த வருஷம் முதலாளி புதுக் கட்டடம் கட்டினார். உயரமான கூரை. மேசை ஒரு சுவரின் நடுவில். மூன்று பக்கமும் வியாபாரிகள். குமுளி, வண்டன்மேட்டுப் பக்கத்திலிருந்து புதுப் பையன்கள் வேறு. தெரியாத குரல், எதிரொலி, இரண்டு பக்கமும் ஆட்கள். இவருக்கு எல்லாம் வலப்பக்கமே கேட்டது. காமராஜ் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம்.

"அப்ப காமராஜு யோக்கியன்தானா?" என்றார் கொஞ்சம் வருத்தமாகவே.

அடுத்த ஏலம் புதன்கிழமை. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். காதுக்கு வைத்தியம் இருக்கிறதா என்று மதுரைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதற்குள் புதன்கிழமை வந்துவிடும். பெட்டிகளிடம் கற்றுக்கொண்டதை ஏலக்கடையில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அன்று மாலை எங்கள் கூடத்தையே ஏலக்கடையாக்கினோம். இவரைச் சுவரின் நடுவில் உட்காரவைத்து, மூன்று பக்கமும் சுந்தர்ராஜ், நல்லகண்ணு, பாண்டியம்மாள் மதினி மூவரையும் உட்காரவைத்தேன். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மற்றவர்களைக் குரலை மாற்றிக் கூப்பிடச் சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூவரும் விலை சொன்னார்கள். மதினிக்கு விலையெல்லாம் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார்கள்.

"மதினி, அந்த வெலைக்கு வாங்குனா வீட்ட விக்கணும்" என்றார் நல்லகண்ணு.

"வித்துக்கிடுவோம். எனக்கென்ன வெலை, தம்பி எம் பேரச் சொல்லுதாரா பாப்போம்."

ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எல்லாம் நல்லகண்ணு பெயருக்கே போனது. அவர்தான் வலப்பக்கம்.

பிறகு மேசையை மூலைக்கு நகர்த்தினோம். இடது தோள் சுவரில் ஒட்டும்படி இவர் உட்கார்ந்தார். இப்போது மூவருமே கண்ணுக்கு முன்னால். தலையைத் திருப்பாமலே மூன்று வாயும் தெரிந்தது. கண்ணைத் திறந்துகொண்டு கூறச் சொன்னேன். ஒருவர் மட்டும் கூப்பிட்டபோது பெயர் சரியாக வந்தது. இரண்டு பேர் சேர்ந்து கூப்பிட்டபோது, வாயைப் பார்ப்பதற்குள் மூடிவிட்டது. மறுபடி மாறியது.

"கையத் தூக்கிக்கிட்டுக் கேக்கச் சொன்னா?" என்றான் சுந்தர்ராஜ்.

கையைத் தூக்கிக் கேட்டுப் பார்த்தோம். ஒரு தடவைகூட மாறவில்லை. மதினி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே இருந்ததைத் தவிர.

ஆனால் இவர் முகம் வாடிவிட்டது. "கையத் தூக்குங்கன்னா, ஏன்னு கேப்பாக."

"சொல்லிருங்க."

"என்னன்னு? கூறுறவன் செவிடன்னா? கர்ணன் சும்மா இருப்பானா? முதலாளி அன்னைக்கே கட்டைய வாங்கிருவாரு."

"சொல்லாம இன்னொருக்கா மாறிச்சுன்னாலும் வாங்கத்தான் போறாரு" என்றேன். "ரெண்டுல எது நம்ம கையில இருக்குன்னு பாத்துக்கிடுங்க."

அவர் எழுந்தார். போய் ரிகார்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை சுந்தர்ராஜ் அவரோடு போனான். ஏலக்கடைக்குள் பெண்கள் போவதில்லை. நடந்ததை அவன் வந்து சொன்னபடி சொல்கிறேன்.

இவர் முன்னதாகவே போய், மேசையைத் தம்பியும் தானுமாக மூலைக்கு நகர்த்தியிருக்கிறார். பலவேசம் முதலாளி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, காவக்காரன் மாதிரி மூலையில?" என்றாராம். இவர், "சொல்றேன் முதலாளி, எல்லாரும் வரட்டும்" என்றிருக்கிறார். வியாபாரிகள் வந்து உட்கார்ந்ததும், முதல் சாம்பிள் சுற்றுக்குப் போகும் முன்பே கட்டையால் மேசையைத் தட்டினார். ஒன்றையும் விற்காமல் தட்டியதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விலை கூறுகிற அதே பெரிய குரலில் சொன்னார்:

"எனக்கு எடது காது கேக்காது. சின்ன வயசுல போயிருக்கு, முந்தாநாளுதான் எனக்கே தெரியும். அதான் ஆளு மாறுச்சு. கர்ணன் மேலயும் காமராஜு மேலயும் தப்பில்ல. இனிமே கேக்குறவுக கையத் தூக்கிக் கேளுங்க. நான் கையப் பாத்துத் தட்டுறேன்."

  உடனே கர்ணன், "அப்ப நான் இத்தனை நாளு எடப்பக்கம் நின்னு திட்டுனது பூராவும் வீணா?" என்றார்.

"வலப்பக்கம் வந்து திட்டும். இப்பவும் நேரம் இருக்கு" என்றார் இவர்.

சிரித்துவிட்டார்கள். பலவேசம் முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றுகொண்டார். அவர் நின்ற தோரணையைப் பார்த்து, கட்டை இன்றைக்குக் கை மாறிவிடும் என்றே தம்பி நினைத்தானாம்.

ஏலம் தொடங்கியது. முதலில் கையைத் தூக்க எல்லாருக்கும் கூச்சம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ஒருவர் முணுமுணுத்தார். சில லாட்டுகள் போன பிறகு பழகிவிட்டது. நல்ல பச்சைக் காய் ஒன்று வந்தபோது எல்லாருக்கும் ஆசை. விலை ஏறி ஏறி, கடைசியில் ஒரே விலையை ஒரே மூச்சில் இரண்டு குரல் கேட்டன. ஒன்று குமுளிப் பையன், இன்னொன்று கர்ணன். இருவரும் எதிரெதிர்ப் பக்கம்.

கடையில் இருந்த யாருக்கும் எது முந்தியது என்று தெரியவில்லையாம். இரண்டு காதுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் கட்டையைத் தூக்கியபடியே, "குமுளித் தம்பி கை முந்திருச்சு. கர்ணன் கை பாதியில நிக்குது. மேல கேக்குறீரா கர்ணா, எறக்குறீரா?" என்றார். கர்ணனின் கை உண்மையிலேயே பாதியில்தான் நின்றதாம். அவர் தன் கையைத் தானே பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். கட்டை விழுந்தது. பையனுக்குப் பெயர் கிடைத்ததும், "நன்னி சேட்டா" என்று மலையாளத்தில் நன்றி சொல்லி எழுந்தே நின்றுவிட்டான்.

முதலாளி அதற்குப் பிறகு வாசலில் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார். கடை முடிந்து இவர் கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எங்கிட்ட எதுக்குக் குடுக்கிறீரு? எடுத்துட்டுப் போம்" என்றாராம்.  அடுத்த புதன்கிழமை இவர் போனபோது மேசை மூலையிலேயே கிடந்தது. யாரோ அதற்கு நேர் மேலே ஒரு மின்விசிறியை மாற்றி மாட்டியிருந்தார்கள்.

சுந்தர்ராஜ் விடுப்பு முடிந்து போனான். நாலு பெட்டிகளையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். நாத்தனார் கல்யாணத்துக்கு மெத்தைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு மெத்தை அடித்துச் சாய்த்தோம். நடுக்கூடத்து நாற்காலியும் அங்கேயே இருந்தது. பாண்டியம்மாள் மதினி அதைச் சுற்றித்தான் நடப்பார்கள். ஆனால் வாரம் ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து ரயில் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

இவர் அதில் உட்காருவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் எனக்கு எதிரே சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்க. ரயிலு எங்கன போகுதோ அங்கன வெரலக் காட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காட்டினேன். விசில் கேட்ட மூலை. முன்னால் குறுக்கே. தகரப் பெட்டி. பின்னால். என் கை சுற்றி வரும்போது ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் பார்வை என் விரல் நுனியிலேயே இருந்தது. தலையும் அதோடு கூடவே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, தம்பியின் தலை முதல் நாள் திரும்பியது போலவே.

"இம்புட்டுச் சுத்துதா இது" என்றார்.

ரிகார்டு முடிந்து ஊசி உரசத் தொடங்கியது. அப்போது மறுபடி ஒரு விசில் கேட்டது. அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விரலை ஜன்னல் பக்கம் நீட்டினேன். மதுரையிலிருந்து சாயங்கால வண்டி போடி ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது.

"சரி" என்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தார். வலது காதை வெளியே காட்டி நின்று, அது வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.